விறைப்பே வேகம் என்னும் பிழை

பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கைத் தயார் செய்யும்போது அதன் சஸ்பென்ஷனை இயன்றவரை இறுக்கிவிட வேண்டும் என்னும் கருத்து, பட்டறைகளிலும் ஓட்டுநர்களிடையேயும் விவாதத்துக்கு இடமில்லாத உண்மையைப் போல வழங்கிவருகிறது. சாலைக்கு மென்மை, தடத்துக்கு விறைப்பு என்று ஒரே வரியில் சொல்லப்படும் இக்கருத்தின்படி, மென்மையான சஸ்பென்ஷன் சொகுசுக்கு உரியது. சொகுசைத் துறந்தவருக்கே வேகம் கைகூடும். இதை நம்புபவர்கள் தடத்துக்குப் போவதற்கு முந்தைய மாலையில் முன்பக்க ஃபோர்க்கிலும் பின்பக்க ஷாக்கிலும் உள்ள திருகுகளை எல்லாம் உள்நோக்கித் திருகிவிட்டு, இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்து, வண்டி அசையாமல் நின்றால் வேலை முடிந்தது என நிறைவடைகிறார்கள். இக்கருத்து பிழையானது என்பதையும், அதனால் பயன் இல்லாததோடு தீங்கும் விளைகிறது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சஸ்பென்ஷனின் விறைப்பு, வண்டி தாங்க வேண்டிய விசைகளுக்காகச் செலுத்தப்படும் ஒரு விலை. தேவையான அளவைத் தாண்டிச் செலுத்தப்படும் ஒவ்வொரு பங்கும் டயரின் பிடிப்பிலிருந்தே கழிகிறது.

இப்பிழையைத் திருத்த வேண்டிய தேவை முன்பைவிட இன்று கூடியிருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் சஸ்பென்ஷனை மாற்றியமைக்கும் வசதி பின்பக்க ஸ்பிரிங்கின் சில படிகளோடு முடிந்துவிட்டது. ஆகவே கருத்து தவறாக இருந்தாலும் அதைச் செயல்படுத்த வழி இருக்கவில்லை. இப்போது நிலைமை வேறு. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டிக்கு, பிரீலோட், கம்ப்ரஷன், ரீபவுண்ட் ஆகிய மூன்றையும் மாற்றத்தக்க முன் ஃபோர்க் 2021 முதல் விருப்பத் தொகுப்பாகக் கிடைக்கிறது. பெரிய வண்டிகளில் இவ்வசதி முன்னரே இயல்பாகிவிட்டது. 1990-இல் திறக்கப்பட்ட, 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குச் சொந்த வண்டியோடு பயிற்சிக்கு வருபவர்களின் கையில், சரியாகத் திருகினால் பெரும்பயன் தருவதும் தவறாகத் திருகினால் கீழே தள்ளுவதுமான ஒரு கருவி வந்து சேர்ந்திருக்கிறது. கருவி பரவிய வேகத்தில் அதைப் பற்றிய அறிவு பரவவில்லை.

சஸ்பென்ஷன் ஓட்டுநரின் முதுகெலும்பைக் காப்பதற்காக இருக்கிறது என்னும் எண்ணமே இப்பிழையின் வேர். சாலையில் அது அந்த வேலையையும் செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் முதன்மையான பணி டயரைத் தரையோடு சேர்த்து வைத்திருப்பதும், டயர் தரையை அழுத்தும் விசை கூடிக் குறையாமல் இயன்றவரை சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் ஆகும். அதற்கு இரண்டு உறுப்புகள் துணைசெய்கின்றன. எடையைத் தாங்குவதும், அமுக்கப்பட்டபின் பழைய நீளத்துக்குத் திரும்புவதும் ஸ்பிரிங்கின் வேலை. திரும்பும் ஸ்பிரிங் தொடர்ந்து துள்ளிக்கொண்டே இராதபடி, சிறு துளைகளின் வழியே எண்ணெயைச் செலுத்தி அதன் இயக்கத்தை அடக்குவது டேம்பிங்கின் வேலை. சக்கரம் மேலேறும்போது நிகழும் அடக்கம் கம்ப்ரஷன் டேம்பிங் எனவும், சக்கரம் கீழிறங்கும்போது நிகழும் அடக்கம் ரீபவுண்ட் டேம்பிங் எனவும் பெயர்பெறும். இவை அனைத்தும் சேர்ந்து இயங்குவது, வண்டியின் உடல் அமைதியாக நிற்கச் சக்கரம் மட்டும் தரையின் மேடுபள்ளங்களைப் பின்தொடர வேண்டும் என்பதற்காகவே.

இதில் டயரின் இயல்பைக் கருத்தில் கொள்ளாமல் எந்த முடிவுக்கும் வர இயலாது. டயரின் மேல் அழுத்தம் கூடும்போது அதன் பிடிப்பும் கூடுகிறது. ஆயினும் அழுத்தம் இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை, அதைவிடக் குறைவாகவே உயர்கிறது. இதன் விளைவு முக்கியமானது. ஒரு டயரின் மீதுள்ள அழுத்தம் ஒரு சராசரியைச் சுற்றி மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தால், அழுத்தம் மிகுந்த கணத்தில் கிடைக்கும் கூடுதல் பிடிப்பு, அழுத்தம் குறைந்த கணத்தில் இழந்த பிடிப்பை ஈடுசெய்வதில்லை. ஆகவே சீரான அழுத்தத்தில் இருக்கும் டயரே எப்போதும் மிகுந்த பிடிப்பைத் தருகிறது. மேலும், வளைவில் வண்டி வழுக்குவதை முடிவு செய்வது சராசரிப் பிடிப்பும் அன்று. அழுத்தம் மிகக் குறைந்த அந்த ஒரு கணத்தின் பிடிப்பே அதை முடிவு செய்கிறது.

சஸ்பென்ஷன் தேவைக்கு மேல் விறைத்துவிட்டால் மேடுபள்ளங்கள் மறைந்துவிடுவதில்லை. அவற்றை உள்வாங்கும் வேலை டயரின் பக்கச்சுவர்களிடம் போய்ச் சேர்கிறது. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். ஆனால் அது ஃபோர்க்கின் ஸ்பிரிங்கைவிடப் பல மடங்கு விறைப்பானது, அதன் துள்ளலை அடக்கப் போதிய டேம்பிங்கும் அதற்குள் இல்லை. மாற்றத்தக்க, அடக்கத்தக்க ஒரு ஸ்பிரிங்கை முடக்கிவிட்டு, மாற்றவும் அடக்கவும் இயலாத ஒரு ஸ்பிரிங்கின் மேல் வண்டியை ஓட்டுவதையே இறுக்கிய சஸ்பென்ஷன் என்று பலரும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

இக்கருத்தை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் வலுவான வாதம், பந்தய வண்டிகளில் விறைப்பான ஸ்பிரிங்குகள் இருக்கின்றன என்பது. இது உண்மையே. ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் விசை அதன் ஸ்பிரிங் ரேட் எனப்படுகிறது. சாலைக்கு விற்கப்படும் பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஃபோர்க்கில் ஒவ்வொரு காலிலும் பொதுவாக 8.5 முதல் 9.5 நியூட்டன் அளவிலான ஸ்பிரிங் இருக்குமானால், பந்தயத்துக்குத் தயாரான வண்டியில் அது 9.5 முதல் 10.5 வரை இருக்கும். ஆனால் இந்த எண்களே எதிர்த்தரப்பின் வாதத்தைப் பலவீனமாக்குகின்றன. வேறுபாடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மட்டுமே; இரு மடங்கும் அன்று, ஒன்றரை மடங்கும் அன்று. அந்தப் பத்தில் ஒரு பங்கும் விறைப்பின் மீதுள்ள விருப்பத்தால் சேர்க்கப்பட்டதில்லை. பந்தய வீரர் பயன்படுத்தும் ஸ்லிக் டயர்களின் மிகுதியான பிடிப்பும், அதனால் இயலும் கடுமையான பிரேக்கும் ஃபோர்க்கின் மேல் பெரும் விசையைச் செலுத்துகின்றன. அந்த விசையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஸ்பிரிங் உயர்த்தப்படுகிறது.

அந்த விசையின் அளவை எளிய கணக்கால் அறியலாம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 280 கிலோ எனவும், அது நிற்கும்போது இரு சக்கரங்களிலும் சரிபாதியாக இறங்குகிறது எனவும், சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு 1,400 மி.மீ., எடைமையத்தின் உயரம் 650 மி.மீ. எனவும் கொள்வோமானால், புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஏறக்குறைய 130 கிலோ எடை பின்னிருந்து முன்னுக்கு மாறிவிடுகிறது. முன்சக்கரம் 270 கிலோவைச் சுமக்க, பின்சக்கரம் தரையை வருடிக்கொண்டு மட்டும் வரும். அதோடு, ஃபோர்க் சாய்ந்து நிற்பதால் பிரேக் விசையின் ஒரு பகுதியும் அதன் நீளவாக்கில் அமுக்கமாகச் சேர்கிறது. இவ்வளவு விசையை ஒவ்வொரு சுற்றிலும் உண்டாக்கும் வீரருக்குப் பொருந்தும் ஸ்பிரிங், அதில் பாதியளவே பிரேக் பிடிக்கத் துணியும் தொடக்கநிலை ஓட்டுநருக்கு எவ்வாறு பொருந்தும்? அவருடைய ஃபோர்க் தான் நீண்டு குறுகக்கூடிய 120 மி.மீ. பயணத்தில் கணிசமான ஒரு பகுதியைத் தொடாமலேயே நாள் முழுவதும் ஓடி முடிக்கும். விறைப்பு வேகத்தைப் பின்தொடர்ந்து வருவது. விறைப்பை முன்னே அனுப்பி வேகத்தை அழைத்துவர இயலாது.

வேகத்துக்கும் விறைப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி பந்தயம் சான்று. பொதுச் சாலைகளால் ஆன அதன் 60.7 கிலோமீட்டர் சுற்றை, 2023-இல் பீட்டர் ஹிக்மன் மணிக்கு 219 கிலோமீட்டரைத் தாண்டிய சராசரி வேகத்தில் கடந்தார். குறுந்தடங்களில் ஓடும் வண்டிகள் அடையும் சராசரியைவிட இது மிக அதிகம்; ஆயினும் அங்கு ஓடும் வண்டிகளின் சஸ்பென்ஷன், குறுந்தடங்களில் வைக்கப்படுவதைவிட மென்மையாகவே அமைக்கப்படுகிறது. மேடும் பள்ளமும் நிறைந்த சாலையில் சக்கரம் தரையை விட்டு எழாமல் இருப்பதே வேகம் என்பதை அங்குள்ளவர்கள் அறிந்திருக்கிறார்கள். தடத்தின் தரை எதைக் கேட்கிறதோ அதைக் கொடுப்பதுதான் அமைப்பு. வேகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் திருகை இறுக்குவது அமைப்பாகாது.

அடுத்து ஆராய வேண்டியது பிரீலோட் பற்றிய குழப்பம். ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும் நிலையிலேயே அதனுள் இருக்கும் ஸ்பிரிங் எவ்வளவு அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே பிரீலோட். இதைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்பது மிகப் பரவலான நம்பிக்கை. மேற்சொன்ன வண்டியையே எடுத்துக்கொண்டு, உராய்வு முதலியவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் இதன் பிழை தெரிந்துவிடும். முன்சக்கரத்தின் பங்கான 140 கிலோவில் சக்கரம், பிரேக் முதலியவற்றின் எடையைக் கழித்து, ஃபோர்க்கின் சாய்வையும் கணக்கில் கொண்டால், ஸ்பிரிங்குகள் தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய 1,075 நியூட்டன். ஒவ்வொன்றும் 9 நியூட்டன் வீதம் இரண்டு ஸ்பிரிங்குகள் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 18 நியூட்டன் தருவதால், அவை மொத்தம் 60 மி.மீ. அமுங்கியே இவ்விசையைத் தாங்க இயலும். இதில் 25 மி.மீ. பிரீலோடாக முன்பே அமுக்கப்பட்டிருந்தால், ஃபோர்க் 35 மி.மீ. தாழும். வண்டி தன் எடையாலும் ஓட்டுநரின் எடையாலும் இவ்வாறு தாழும் அளவைத்தான் சேக் என்பார்கள். தமிழில் அமிழ்வு எனலாம்.

இப்போது பிரீலோடை 10 மி.மீ. கூட்டினால் நிகழ்வது என்ன? தாங்க வேண்டிய விசை அதே 1,075 நியூட்டன். ஆகவே ஸ்பிரிங்கின் மொத்த அமுக்கமும் அதே 60 மி.மீ.; அமிழ்வு மட்டும் 35-இலிருந்து 25 மி.மீ. ஆகக் குறைகிறது. வண்டியின் முன்பக்கம் 10 மி.மீ. உயர்ந்துவிட்டது. அடுத்த ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஸ்பிரிங் கேட்பது முன்பு கேட்ட அதே 18 நியூட்டனைத்தான். விறைப்பு சிறிதும் கூடவில்லை. சக்கரம் கீழ்நோக்கி நீளக்கூடிய இடம்தான் பத்து மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. பிரேக்கை விட்டு வளைவுக்குள் நுழையும்போதும், மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கும்போதும் டயரைத் தரையோடு சேர்த்து வைப்பது அந்தக் கீழ்நோக்கிய இடமே.

பிரீலோடைக் கூட்டினால் ஃபோர்க் அடிமட்டத்தில் மோதுவது தவிர்க்கப்படுகிறது என்னும் மறுவாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. 120 மி.மீ. பயணத்தின் கடைசிப் புள்ளியில், 25 மி.மீ. பிரீலோடோடு ஸ்பிரிங்குகள் தரும் விசை 2,610 நியூட்டன், 35 மி.மீ. பிரீலோடோடு அது 2,790 ஆகிறது. ஆனால் 10 நியூட்டன் ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, அமிழ்வைப் பழைய 35 மி.மீட்டரிலேயே வைத்தால், அதே புள்ளியில் ஏறக்குறைய 2,775 நியூட்டன் கிடைத்துவிடுகிறது. கீழ்நோக்கிய இடத்தில் ஒரு மில்லிமீட்டரும் இழக்கப்படுவதில்லை. மோதல் பயணத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் நிகழுமானால் ஸ்பிரிங்கை மாற்றவும் தேவையில்லை; ஃபோர்க்கில் எண்ணெய் மட்டத்தைச் சில மில்லிமீட்டர் உயர்த்தினால், அதன் மேல் அடைபட்டிருக்கும் காற்று குறுகி, பயணத்தின் முடிவில் மட்டும் கூடுதல் ஸ்பிரிங்காகத் துணைநிற்கும். ஒவ்வொரு குறைக்கும் உரிய மருந்து தனித்தனியாக இருக்கும்போது எல்லாவற்றுக்கும் பிரீலோட் திருகையே நாடுவது, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதை ஒத்தது.

பின்பக்கப் பிரீலோடைக் கூட்டியபின் வண்டி வளைவில் சட்டெனத் திரும்புகிறது, ஆகவே விறைப்பால் பயன் உண்டு எனப் பலர் தம் பட்டறிவைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர்கள் உணர்ந்தது உண்மை. அதற்குக் கற்பித்த காரணம்தான் தவறு. ஃபோர்க்கின் தலைப்பகுதி செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம் ரேக் எனவும், அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தொலைவு டிரெயில் எனவும் வழங்கும். யமஹா ஒய்இசட்எஃப்-ஆர்1 வண்டியில் இவை 24 டிகிரியும் 102 மில்லிமீட்டரும் ஆகும். சக்கரங்களுக்கு இடையே 1,400 மி.மீ. தொலைவுள்ள வண்டியின் பின்பக்கம் 24 மி.மீ. உயர்ந்தால் ரேக் ஏறக்குறைய ஒரு டிகிரியும் டிரெயில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டரும் குறைகின்றன. வண்டி விரைவாகத் திரும்புவது இந்த வடிவியல் மாற்றத்தால் விளைவது. அந்த மாற்றமே வேண்டுமெனில், ஷாக்கின் நீளத்தை மாற்றியோ ஃபோர்க் கால்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் சில மில்லிமீட்டர் மேலேற்றியோ, அமிழ்வைத் தொடாமலேயே அதைப் பெறலாம். உயரத்தால் கிடைத்த பயனை விறைப்பின் கணக்கில் எழுதிவிடுவதால்தான் இத்தவறான கருத்து ஒவ்வொரு சோதனையிலும் வென்றதுபோல் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கம்ப்ரஷன் டேம்பிங்கை இறுக்கினால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தாழ்வது நின்றுவிடும் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. டேம்பிங் இயக்கத்தின் வேகத்தை மட்டுமே எதிர்க்கிறது. இயக்கம் நின்றபின் அதற்கு வேலை இல்லை. பிரேக் சில நொடிகள் நீடிக்குமானால் ஃபோர்க் எவ்வளவு ஆழத்துக்குப் போய் நிற்கும் என்பதை ஸ்பிரிங்கும் எண்ணெய்க்கு மேலுள்ள காற்றுமே முடிவு செய்கின்றன. கம்ப்ரஷன் டேம்பிங் அந்த ஆழத்தை எட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. இதிலும் அளவோடு பயன் உண்டு: பிரேக்கைத் தொட்ட கணத்தில் ஃபோர்க் தடாலென இறங்காமல் ஒழுங்காக இறங்கினால் டயருக்கு அழுத்தம் படிப்படியாகச் சேரும். ஆனால் திருகை முற்றிலும் இறுக்கிவிட்டால், பிரேக் பிடிக்கும் இடத்தில் தரையிலுள்ள சிறு மேடுகளைச் சக்கரம் ஏறிக் கடக்க வழியின்றிப் போகிறது. ஒவ்வொரு மேடும் வண்டியின் முன்பகுதியையே தூக்கிவிட, வண்டி வேகம் குறைய வேண்டிய இடத்தில் டயர் தாவித் தாவிப் போகிறது.

ரீபவுண்ட் டேம்பிங்கின் மிகுதி இன்னும் நுட்பமான தீங்கைச் செய்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறது. தரையில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக மேடுகள் இருக்குமானால், ஒரு மேட்டைத் தாண்டியபின் அடுத்த மேடு வருவதற்குள் சக்கரத்துக்குக் கிடைப்பது 30 மில்லி நொடி மட்டுமே. ரீபவுண்ட் இறுக்கமாக இருந்தால் அந்த இடைவெளியில் சக்கரம் முழுதாகக் கீழிறங்க இயலாது. இறங்கி முடியும் முன்பே அடுத்த மேடு அதை மேலும் ஏற்றிவிடும். இவ்வாறு நான்கைந்து மேடுகளில் ஃபோர்க் படிப்படியாகக் குறுகிப்போய், வண்டி பயணமே இல்லாத நிலையில் வளைவின் நடுவில் நிற்கும். அப்போது அது கல்லைப் போல் இறுகியிருப்பதை உணரும் ஓட்டுநர், குறுகிப்போனதன் காரணத்தை அறியாமல், ஸ்பிரிங் மென்மையாக இருப்பதால் ஃபோர்க் அடிமட்டத்தில் மோதுகிறது எனக் கருதிப் பிரீலோடையும் கம்ப்ரஷனையும் மேலும் இறுக்குகிறார். ஒரு பிழையின் விளைவு அடுத்த பிழைக்குச் சான்றாகிவிடுகிறது.

வளைவில் சாய்ந்திருக்கும் வண்டியின் நிலையை ஆராய்ந்தால் விறைப்புவாதத்தின் கடைசிப் பிடியும் தளர்கிறது. 45 டிகிரி சாய்வில், எடையும் வளைவின் விசையும் சேர்ந்து வண்டியின் தளத்தில் செலுத்தும் விசை, நேராக நிற்கும்போது இருந்ததைப் போல் 1.41 மடங்கு. மேற்சொன்ன ஃபோர்க்கில் இவ்விசை, பிரேக்கோ மேடோ இல்லாமலேயே, அமிழ்வை 35-இலிருந்து 59 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோய்விடும். அதாவது பயணத்தின் சரிபாதி முன்பே செலவாகிவிட்டது. அந்நிலையில் தரையின் மேடு செங்குத்தாகத் தள்ள, சஸ்பென்ஷனோ சாய்ந்த திசையில்தான் நகர இயலும். ஆகவே அதே மேட்டைக் கடக்க அது 1.41 மடங்கு தொலைவு நகர வேண்டியிருக்கிறது. பக்கவாட்டில் சேரும் பங்கு ஃபோர்க் குழாய்களை ஒன்றோடொன்று உரசவைத்து அவற்றின் இயக்கத்தை மேலும் தடுக்கிறது. மோட்டோஜிபி வண்டிகளின் சட்டகத்தில் பக்கவாட்டு விறைப்பைப் பொறியாளர்கள் அளவோடு குறைத்து வைப்பது இக்காரணத்தாலேயே: சஸ்பென்ஷன் வேலை செய்யத் தடுமாறும் சாய்வில், சட்டகத்தின் சிறு நெகிழ்வே டயரைத் தரையோடு சேர்த்து வைக்கிறது. உலகின் மிக வேகமான வண்டிகளை வடிவமைப்பவர்கள் சட்டகத்திலேயே நெகிழ்வைத் தேடிச் சேர்க்கும்போது, சஸ்பென்ஷனில் எஞ்சியிருக்கும் நெகிழ்வையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது எந்த அறிவின்பாற்பட்டது?

விறைப்பான வண்டியில் தரை நன்றாக உணரப்படுகிறது என்னும் வாதமும் கவனத்துக்குரியது. கைப்பிடிக்கு வந்து சேரும் அதிர்வுகள் பெருகுகின்றன என்பது உண்மை. ஆனால் அதிர்வு வேறு, செய்தி வேறு. ஓட்டுநருக்குத் தேவையான செய்தி, பிரேக் பிடிக்கையில் முன்டயரில் அழுத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, வளைவில் பிடிப்பு எந்த அளவில் எஞ்சியிருக்கிறது என்பன. ஃபோர்க் ஒழுங்காக இறங்கும்போது இச்செய்தி படிப்படியாக வந்து சேர்கிறது. இறங்காத ஃபோர்க்கில் அழுத்தம் ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக இறங்குவதால், பிடிப்பு போகும்போதும் முன்னறிவிப்பின்றிப் போகிறது. சரியாக அமைந்த வண்டி வழுக்கத் தொடங்குவதை ஓட்டுநர் உணர்ந்து திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். தேவைக்கு மேல் விறைத்த வண்டியில் அவர் அதை உணரும்போது தரையில் இருப்பார். தடத்தில் பழகத் தொடங்குபவருக்கு இந்த வேறுபாடு சுற்று நேரத்தைவிட முக்கியமானது.

இவ்வாறு சொல்வதால் மென்மையே நல்லது என்பது பொருளாகாது. பிரேக்கில் ஃபோர்க் அடிமட்டத்தில் மோதினால் அக்கணத்தில் சஸ்பென்ஷனே இல்லை. ரீபவுண்ட் போதாமல் பின்பக்கம் ஆடிக்கொண்டே வளைவைவிட்டு வெளியேறும் வண்டியில் ஆக்சிலரேட்டரைத் திறக்க இயலாது. மென்மையின் மிகுதியும் டயரின் அழுத்தத்தை அலையவைக்கிறது என்பதால் அதுவும் இதே அளவுகோலால் விலக்கப்பட வேண்டியதே. அளவுகோல் ஒன்றுதான்: டயரின் மேலுள்ள அழுத்தம் சீராக இருக்கிறதா? பயணம் முழுவதும் பயன்படுகிறதா? இக்கேள்விகளுக்கு விடை சொல்வது ஓட்டுநரின் எடை, அவர் பிடிக்கும் பிரேக்கின் கடுமை, டயரின் வகை, தடத்தின் தரை ஆகியவை. விறைப்பு, மென்மை என்னும் பொதுச்சொற்களுக்கு அங்கு இடமில்லை.

ஆகவே முறையான அமைப்பு அளவெடுப்பதில் தொடங்க வேண்டும். முதலில் டயரின் காற்றழுத்தம் சரிசெய்யப்பட வேண்டும், ஏனெனில் டயரே முதல் ஸ்பிரிங். பின்னர் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி ஃபோர்க்கின் நீளத்தையும், பின்சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள ஒரு புள்ளியின் உயரத்தையும் அளக்க வேண்டும். அடுத்து வண்டி தன் எடையில் நிற்கும்போதும், ஓட்டுநர் தடத்தில் அணியும் முழு உடையோடும் ஹெல்மெட்டோடும் ஓட்டும் நிலையில் அமர்ந்திருக்கும்போதும் மீண்டும் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியைச் சற்று அமுக்கி மெல்ல விட்டு ஓர் அளவும், சற்றுத் தூக்கி மெல்ல விட்டு ஓர் அளவும் எடுத்து இரண்டின் சராசரியைக் கொண்டால் உராய்வால் வரும் பிழை நீங்கும். ஓட்டுநரோடு சேர்ந்த அமிழ்வு முன்னே 30 முதல் 35 மி.மீ., பின்னே 25 முதல் 35 மி.மீ. என்னும் எல்லைக்குள் இருப்பது தடத்துக்கு நல்ல தொடக்கம். பின்பக்க அமிழ்வு இவ்வாறு சரியாக இருந்தும், வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது சிறிதும் தாழாமல் முழுதாக நீண்டே நின்றால், ஸ்பிரிங் ஓட்டுநரின் எடைக்கு மென்மையானது, பிரீலோடால் அது மறைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். தன் எடையிலேயே மிகுதியாகத் தாழ்ந்தால் ஸ்பிரிங் அவருக்குக் கடினமானது. 65 கிலோ எடையுள்ள ஓட்டுநர், தம்மைவிட எடை மிகுந்தவரைக் கருதி அமைக்கப்பட்ட வண்டியில் அமரும்போது, வண்டி ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே தமக்குக் கடினமானது என்பதை இந்த அளவு அவருக்குக் காட்டிவிடும்.

அதன்பின் டேம்பிங் திருகுகளை உற்பத்தியாளர் கையேட்டில் கூறிய நிலைக்குக் கொண்டுவந்து, முழுதாக மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் வெளியே என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஃபோர்க்கின் குழாயில் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டிவிட்டால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அது நின்றிருக்கும் இடம் எவ்வளவு பயணம் பயன்பட்டது என்பதைக் காட்டும். மிகக் கடுமையான பிரேக்குக்குப் பின் அது அடிமட்டத்திலிருந்து பத்து மில்லிமீட்டர் அளவில் எட்டி நின்றால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்கிறது, முப்பது நாற்பது மில்லிமீட்டர் தொடாமலேயே கிடந்தால் அந்த ஓட்டுநரின் அன்றைய வேகத்துக்கு அமைப்பு விறைப்பானது. ஒரு முறைக்கு ஒரு திருகை மட்டும், இரண்டு கிளிக் அளவில் மாற்றி, பயன் தெரியாவிட்டால் எழுதி வைத்த நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். 2015-இல் வந்த யமஹா ஆர்1எம் வண்டியில் ஓலின்ஸ் நிறுவனத்தின் மின்னணு சஸ்பென்ஷன், பிரேக், சாய்வு, முடுக்கம் ஆகியவற்றைப் பார்த்து டேம்பிங்கை ஓட்டத்தின் போதே கூட்டியும் குறைத்தும் மாற்றியமைக்கிறது. கணத்துக்குக் கணம் தேவை மாறுகிறது என்பதாலேயே அக்கருவி உருவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் இறுக்கினால் போதும் என்பது உண்மையானால் அதற்குத் தேவையே எழுந்திருக்காது.

வெற்றிபெற்ற வீரரின் கிளிக் எண்களைக் கேட்டு வாங்கி அப்படியே தம் வண்டியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் இதே காரணத்தால் கைவிட வேண்டும். அந்த எண்கள் அவருடைய எடைக்கும், அவருடைய ஸ்பிரிங்குக்கும், அவர் பிடிக்கும் பிரேக்குக்கும் எழுதப்பட்டவை. அவற்றுள் ஒன்று மாறினாலும் எண் பொருளிழந்துவிடும். பயிற்சி தருபவர்களும் பட்டறை நடத்துபவர்களும் இதில் பெரும் பொறுப்புடையவர்கள். தம்மிடம் வரும் புதிய ஓட்டுநரிடம் வண்டியை இறுக்கிக் கொடுத்துத் தடத்துக்கு ஏற்றதாக்கிவிட்டோம் என்று சொல்வது, அவருடைய டயரின் பிடிப்பில் ஒரு பகுதியைப் பறித்துக்கொண்டு அவரை வளைவுக்குள் அனுப்புவதாகும். ஓர் அளவுநாடா, ஒரு துணையாள், அரை மணி நேரம் ஆகியவற்றுக்கு மேல் எதையும் கேட்காத அமிழ்வுச் சோதனையைச் செய்யாமல் எந்தத் திருகையும் தொடுவதில்லை என்னும் ஒழுங்கை அவர்கள் ஏற்றுக்கொண்டாலே, இப்பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடும். அதன்பின்னும் ஒரு வண்டிக்கு விறைப்பான ஸ்பிரிங் தேவைப்பட்டால், அதைக் கேட்பது ஓட்டுநரின் வேகமாகவும் கேபிள் டை நின்ற இடமாகவும் இருக்கும். அப்போது பொருத்தப்படும் விறைப்பை இக்கட்டுரையும் மறுக்காது.